ஆட்டுக்கொல்லி நோயை மீட்டர் காட்டுமா?

ஜவ்வாது மலையில் காவலூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மானாவாரிச் சாமை, கேழ்வரகு, கொள்ளு ஆகியவற்றோடு ஆடு வளர்ப்பும் சேர்ந்தே நடைபெற்று வருகிறது. மழை பொய்த்துச் சாமை கைவிட்டாலும் ஆடு கைவிடாது என்பது மலை விவசாயிகளின் அனுபவம். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவச் செலவு, அடுத்த பட்டத்துக்கு விதை, உழவுக் கூலி என்று எந்தத் தேவை வந்தாலும் பட்டியிலிருந்து ஒரு கிடாயைப் பிடித்து விற்றுச் சமாளிப்பார்கள். சிறு விவசாயிக்கு ஆடு என்பது கையிருப்புப் பணம் ஆகும்.

இந்தக் கையிருப்பை இரண்டு மூன்று வாரங்களில் துடைத்து எடுத்துவிடக் கூடியது ஆட்டுக்கொல்லி நோய். இந்நோயில் ஒவ்வொரு நாளும் முக்கியம். முதல் ஆடு சோர்ந்து நிற்கும் நாளிலேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் மீதி ஆடுகளைக் காப்பாற்ற வழி உண்டு. நான்கைந்து நாட்கள் கழித்துத் தெரிந்தால், அதற்குள் நோய் பட்டி முழுவதும் பரவியிருக்கும்.

"மனிதருக்குச் சர்க்கரை பார்க்கக் கையடக்க மீட்டர் வந்துவிட்டது. ஆட்டுக்கும் அதேபோல ஒரு மீட்டர் வராதா?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. நியாயமான கேள்விதான். அப்படிப்பட்ட கருவிக்கு 'மின்வேதி உயிர் உணரி' என்று பெயர். அது எவ்வாறு வேலை செய்கிறது, இன்று எந்த நிலையில் இருக்கிறது, அது கைக்கு வரும் வரை விவசாயி செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நோய் வந்த வழி

ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் 1942ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஐவரி கோஸ்ட் நாட்டில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதலில் உறுதி செய்யப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987ஆம் ஆண்டில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தையும் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தையும் சேர்ந்த அரசூரில் செம்மறி ஆடுகளில் இது கண்டறியப்பட்டது. அங்கு கிடைத்த வைரஸ் வகைக்கு 'அரசூர் 87' என்றே பெயர். பிற்காலத்தில் அதிலிருந்தே ஒரு தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது.

இதற்கு முன்பு நம் நாட்டு ஆடுகளுக்கு இந்நோய் வந்ததே இல்லை என்று கூறிவிட முடியாது. மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய்க் கிருமியும் ஆட்டுக்கொல்லிக் கிருமியும் நெருங்கிய உறவுடையவை. மனிதருக்கு வரும் தட்டம்மைக் கிருமியும் இதே குடும்பம்தான். வெளி அறிகுறிகளைக் கொண்டு வெக்கையையும் ஆட்டுக்கொல்லியையும் பிரித்து அறிவது கடினம். தக்க சோதனை முறை இல்லாதவரை ஒரு நோய் மற்றொரு நோயின் பெயரில் மறைந்து கிடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வெக்கை நோய் இன்று இல்லை. 2006ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் அற்ற நாடாக அங்கீகாரம் பெற்றது. 2011ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் ஆட்டுக்கொல்லி நோயையும் 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிக்க வேண்டும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகக் கால்நடை நல நிறுவனமும் 2015ஆம் ஆண்டில் இலக்கு வகுத்தன. தடுப்பூசியும், நோயை விரைவில் கண்டறிவதும் இம்முயற்சிக்கு இரண்டு கைகள் போன்றவை.

அறிகுறிகளும் நாள் கணக்கும்

நோயுற்ற ஆட்டின் மூச்சு, இருமல், தும்மல், மூக்குச் சளி, கண்ணீர், எச்சில், கழிச்சல் ஆகியவற்றின் வழியே வைரஸ் வெளியேறுகிறது. அருகருகே அடைபட்டிருக்கும் ஆடுகளுக்கும், ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் ஆடுகளுக்கும் எளிதில் தொற்றுகிறது. கிருமி உடலில் புகுந்த 4 முதல் 6 நாட்களில் பெரும்பாலும் கடும் காய்ச்சல் காண்கிறது. வெப்பம் 104 முதல் 106 டிகிரி வரை ஏறும். ஆடு மேயாது, அசை போடாது, தலை தொங்கி நிற்கும். மூக்கிலும் கண்ணிலும் முதலில் நீர் வடியும். பிறகு அது சளியாகக் கெட்டிப்பட்டு மூக்கை அடைக்கும், இமைகளை ஒட்டும். அடுத்த சில நாட்களில் ஈறு, நாக்கு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றில் புண் உண்டாகி வாய் துர்நாற்றம் வீசும். பிறகு கழிச்சலும் இருமலும் சேர்ந்துகொள்ளும். சினை ஆடுகள் கன்று வீசும். காய்ச்சல் கண்ட 5 முதல் 10 நாட்களில் பல ஆடுகள் இறந்துவிடும். தடுப்பூசி போடாத மந்தையில் 90 சதவிகிதம் வரை நோயுறலாம். நோயுற்றவற்றில் 30 முதல் 70 சதவிகிதம் வரை இறக்கலாம். இந்நோய் மனிதருக்குத் தொற்றாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாய்ப்புண்ணும் கழிச்சலும் தெரிந்த பிறகே நம்மில் பலர் இதை 'நோய்' என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காய்ச்சல் தொடங்கிய காலத்திலேயே கிருமி வெளியேறத் தொடங்கிவிடுகிறது. அப்போது ஆட்டைப் பார்த்தால் வெறும் சளி போலத் தோன்றும். நீலநாக்கு நோய், ஆட்டம்மை, உதட்டில் பொருக்குத் தட்டும் வாய்ப்புண் நோய், பாக்டீரியாக் கிருமிகளால் வரும் நுரையீரல் அழற்சி, குடற்புழுவால் உண்டாகும் கழிச்சல் ஆகியவையும் ஏதேனும் ஒரு வகையில் ஆட்டுக்கொல்லியை ஒத்திருக்கும். மழைக் காலத்தில் மலையில் ஆடுகளுக்குச் சளி பிடிப்பது சாதாரணம் என்பதால், முதல் இரண்டு மூன்று நாட்கள் வீணாகப் போய்விடுகின்றன. சோதனை தேவைப்படுவது இந்த நாட்களில்தான்.

இன்றைய சோதனை முறைகள்

இப்போது ஆட்டுக்கொல்லி நோயை உறுதி செய்வது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான். எலிசா என்னும் முறையில் வைரஸின் புரதத்தையோ, வைரஸுக்கு எதிராக ஆட்டின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையோ நிறமாற்றத்தைக் கொண்டு காண்கிறார்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட பி.சி.ஆர். முறையில் வைரஸின் மரபுப் பொருளைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டறிகிறார்கள். இரண்டும் நம்பகமான முறைகள். ஆயினும் அவற்றுக்குக் கருவிகளும், தடையில்லா மின்சாரமும், பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை. மலையில் எடுத்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்துக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். சோதனைக்கு ஆகும் நேரம் சில மணிகளே என்றாலும், மாதிரி போய்ச் சேர்ந்து முடிவு திரும்பி வருவதற்கு நாட்கள் ஆகலாம். அந்த இடைவெளியைக் குறைப்பதே கையடக்கக் கருவியின் நோக்கம் ஆகும்.

சர்க்கரை மீட்டரின் தத்துவம்

மின்வேதி உணரியைப் புரிந்துகொள்ளச் சர்க்கரை மீட்டரே சிறந்த பாடம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் லேலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் இருவரும் நொதியையும் மின்முனையையும் இணைத்துச் சர்க்கரையை அளக்கும் வழியை வெளியிட்டனர். இன்று வீடுகளில் உள்ள மீட்டர்கள் அந்த வழியில் வந்தவையே.

மீட்டரில் செருகும் சிறு பட்டையில் கரி அல்லது உலோகப் பூச்சினால் ஆன மெல்லிய கோடுகள் உள்ளன. அவைதாம் மின்முனைகள். அவற்றின் மேல் சர்க்கரையோடு மட்டும் வினைபுரியும் ஒரு நொதி தடவப்பட்டிருக்கும். ரத்தத் துளி பட்டவுடன் நொதி சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. அவை மின்முனைக்குச் சென்று சிறிய மின்னோட்டமாகின்றன. சர்க்கரை அதிகமானால் மின்னோட்டம் அதிகம், குறைந்தால் குறைவு. மீட்டர் மின்னோட்டத்தை அளந்து சர்க்கரை அளவாக மாற்றி எண்ணில் காட்டுகிறது.

ஆகவே இக்கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு. தேடும் பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடிக்கும் உயிர்ப்பொருள் ஒன்று. அது பிடித்ததை மின்சாரக் கணக்காக மாற்றும் மின்முனை மற்றொன்று. முதலாவது சரியில்லை என்றால் கருவி ஆள் மாறிப் பிடிக்கும். இரண்டாவது சரியில்லை என்றால் பிடித்ததைச் சொல்லாது.

இங்கு பேசப்படும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. கிணற்றிலுள்ள 5 குதிரைத்திறன் மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் இழுக்கும். உணரிகளில் அளக்கப்படுவதோ மைக்ரோ ஆம்பியர் கணக்கு. அதாவது ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சில உணரிகளில் அதனினும் குறைவு.

காவலூர் விவசாயிகளுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. கண்ணுக்குத் தெரியாததைக் கருவியின் ஏற்ற இறக்கத்தால் அறிவது அங்குள்ள விண்ணாய்வுக் கூடத்தில் அன்றாட வேலை. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்றபோது, காவலூரில் 40 அங்குலத் தொலைநோக்கியோடு இணைத்த ஒளி அளவியில் நட்சத்திரத்தின் ஒளி கோளுக்கு வெளியிலும் சிறிது நேரம் குறைந்து மீண்டது. உலகில் வேறு சில இடங்களிலும் அவ்வாறே பதிவாயிற்று. அக்கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒளியை மறித்ததால் அது தன்னைக் காட்டிக்கொடுத்தது. வைரஸையும் அவ்வாறே பிடிக்கலாம்.

வைரஸை உணர்வது எப்படி?

வைரஸ் சர்க்கரையைப் போல எலக்ட்ரானைக் கொடுக்காது. எனவே வேறு வழிகள் தேவை. அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதல் வழியில் மின்முனையின் மேல் வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பதிக்கப்படுகிறது. பூட்டுக்குச் சாவி போல, குறிப்பிட்ட வைரஸ் மட்டுமே அதில் பொருந்தும். ஆட்டின் கண்ணீரையோ மூக்குச் சளியையோ கரைசலில் கலந்து விட்டால், வைரஸ் இருக்குமானால் அது மின்முனையின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். வாய்க்காலில் சருகு அடைத்தால் நீரோட்டம் குறைவது போல, மின்முனை அடைபட்டு மின்னோட்டம் குறையும். குறைந்த அளவைக் கொண்டு வைரஸ் இருப்பதை அறியலாம். ஒட்டிய வைரஸின் மேல் நொதி இணைத்த இரண்டாவது எதிர்ப்பொருளை ஒட்டி, மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும் முறையும் உண்டு.

இரண்டாவது வழி வைரஸின் மரபுப் பொருளைத் தேடுவது. ஆட்டுக்கொல்லி வைரஸின் மரபு இழையோடு மட்டும் இணையும்படி செய்த ஒரு சிறு இழையை மின்முனையில் நட்டு வைக்கிறார்கள். ஜோடி இழை வந்து சேர்ந்தால் மின் அளவு மாறும். நோயின் தொடக்கத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருப்பதால், முதலில் மரபுப் பொருளைப் பெருக்கிக்கொள்ள நேரிடும். பி.சி.ஆர். முறையைப் போல மாற்றி மாற்றிச் சூடாக்கிக் குளிர்விக்காமல், 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் ஒரே சூட்டில் வைத்துப் பெருக்கும் முறையும் இருக்கிறது. அது சிறு கருவிகளுக்கு ஏற்றது.

மூன்றாவது வழியில் மின்முனையில் வைரஸின் புரதம் வைக்கப்படுகிறது. ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் வந்து ஒட்டும்.

இந்த மூன்றும் ஒரே கேள்விக்கு விடை அல்ல என்பதை விவசாயிகள் நன்கு நினைவில் கொள்ள வேண்டும். முதல் இரண்டும் 'கிருமி இப்போது இருக்கிறதா?' என்பதைச் சொல்லும். மூன்றாவது 'இந்த ஆட்டின் உடல் இக்கிருமியை எப்போதாவது சந்தித்ததா?' என்பதை மட்டுமே சொல்லும். இன்று பயன்படும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது. ஊசி போட்ட ஆட்டிலும் எதிர்ப்பொருள் உண்டாகும். நோய் வந்து பிழைத்த ஆட்டிலும் உண்டாகும். வழக்கமான எதிர்ப்பொருள் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஊசி போட்ட நல்ல ஆட்டை இச்சோதனையை வைத்து நோயாளி என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாறாக, நோய் தொடங்கிய முதல் நாட்களில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்காது. அப்போது 'இல்லை' என்று வரும் முடிவை நம்பி ஆட்டை மந்தையில் விடுவதும் தவறு.

எங்கே வந்து நிற்கிறது?

மனித மருத்துவத்தில் இம்முறை வைரஸ் நோய்க்கும் வந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தோன்றிய பாத்ஷோத் நிறுவனம், கொரோனா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை மின்வேதி முறையில் கையடக்கக் கருவியால் அளக்கும் சோதனையை உருவாக்கி, 2021ஆம் ஆண்டில் அதைத் தயாரித்து விற்க உரிமம் பெற்றது. சில துளி ரத்தம் போதும். இது மேலே சொன்ன மூன்றாவது வழி என்பதைக் கவனிக்கவும். நம் மாநிலத்தில் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில் 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி அமைக்கப்பட்டது. மின்முனைகள், மின்கலங்கள் ஆகியவற்றோடு உயிர் உணரிகளைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கு நடைபெறுகிறது.

கால்நடை வைரஸ்களுக்கான மின்வேதி உணரிகள் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் செய்து பார்க்கப்பட்டுள்ளன. ஆனால் சர்க்கரை மீட்டர் போலக் கடையில் வாங்கி வந்து பட்டியில் வைத்து ஆட்டுக்கொல்லியைச் சோதிக்கும் மின்வேதி மீட்டர் விவசாயியின் கைக்கு இன்னும் வரவில்லை. அதற்கு அடுத்த நிலையில் உள்ளது, கொரோனாவுக்கு வீட்டிலேயே பார்த்தோமே, அதைப் போன்ற நிறக்கோட்டுப் பட்டை. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வு நிலையத்தார் ஆட்டின் கண்ணீரைக் கொண்டு ஆட்டுக்கொல்லியைக் காட்டும் இத்தகைய பட்டையை உருவாக்கி 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இது நிறத்தைக் காட்டுவது; மின்சாரத்தை அளப்பது அல்ல. கோடு தெரிகிறதா இல்லையா என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டும். மின்வேதிக் கருவி எண்ணாகவே காட்டிவிடும் என்பது அதன் அனுகூலம்.

ஏன் தாமதம்?

முதல் காரணம் அளவு. மனித ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பது எளிது. காய்ச்சல் தொடங்கிய ஆட்டின் கண்ணீரில் உள்ள வைரஸ் அதனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை எனலாம்.

இரண்டாவது காரணம் அழுக்கு. ஆய்வுக்கூடத்தில் சுத்தமான கரைசலில் நன்றாக வேலை செய்த உணரி, மூக்குச் சளியில் தடுமாறுகிறது. சளியிலும் ரத்தத்திலும் உள்ள பிற புரதங்கள் மின்முனையில் ஒட்டி, வைரஸ் ஒட்டியது போலவே மின்னோட்டத்தைக் குறைக்கக் கூடும்.

மூன்றாவது காரணம் வெயிலும் ஈரமும். எதிர்ப்பொருளும் நொதியும் புரதங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். குளிர்பெட்டி இல்லாத கிராமத்தில் மாதக் கணக்கில் கெடாமல் இருந்தால்தான் பட்டை பயன்படும்.

நான்காவது காரணம் விலை. மனிதர் சர்க்கரைப் பட்டையை ஆண்டு முழுவதும் வாங்குகிறார்கள். அதனால் கோடிக் கணக்கில் தயாராகி விலை குறைகிறது. ஆட்டு நோய்ப் பட்டை நோய் வரும்போது மட்டுமே வேண்டியிருக்கும். ஆகவே இது தனித்தனி விவசாயி வாங்கும் பொருளாக வருவதைவிட, கால்நடை மருத்துவரின் பையில் இருக்கும் பொருளாக வருவதே நடைமுறைக்கு ஒத்தது.

எண்ணை நம்பலாமா?

எந்தச் சோதனையும் நூற்றுக்கு நூறு சரியாக இராது. பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயுள்ள 100 ஆடுகளில் 90ஐச் சரியாகக் காட்டும் ஒரு மீட்டர், நோயற்ற 100 ஆடுகளில் 5ஐத் தவறாக 'நோய் உண்டு' என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

நோய் பரவிய ஓர் ஊரில் 100 ஆடுகளைச் சோதிக்கிறோம். உண்மையில் 60 ஆடுகளுக்கு நோய் இருக்கிறது. மீட்டர் அவற்றில் 54ஐக் காட்டும், 6ஐ விட்டுவிடும். நோயற்ற 40இல் 2ஐத் தவறாகக் காட்டும். ஆக 'உண்டு' என்று வந்த 56 ஆடுகளில் 54 உண்மையான நோயாளிகள். ஆனால் 'இல்லை' என்று வந்த 44 ஆடுகளில் 6 நோயுள்ளவை. அந்த 6 ஆடுகளை மந்தையில் விட்டால் நோய் தொடரும்.

நோயே இல்லாத மற்றோர் ஊரில் 200 ஆடுகளைச் சோதித்தால் 10 ஆடுகளுக்கு 'உண்டு' என்று வரும். பத்தும் பொய். இதைக் கேட்டுப் பயந்து அந்த 10 ஆடுகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் நஷ்டம் விவசாயிக்கு; லாபம் வியாபாரிக்கு.

ஆகவே அறிகுறியுள்ள ஆட்டுக்கு 'இல்லை' என்று வந்தாலும் தனியே வைக்க வேண்டும். அறிகுறியில்லாத ஆட்டுக்கு 'உண்டு' என்று வந்தால் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்ய வேண்டும். மருத்துவர், ஊர் நிலவரம், ஆட்டின் நிலை, மீட்டர் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீட்டர் வரும் வரை செய்ய வேண்டியவை

விரைவாகத் தெரிந்த முடிவு, விரைவாகச் செய்யும் காரியத்தோடு சேர்ந்தால்தான் பயன் தரும். கீழ்க்கண்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த மீட்டரும் தேவையில்லை.

1. தடுப்பூசியே முதல் காப்பு. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்கும் ஊசி போடாத எல்லா ஆடுகளுக்கும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முறை போட்டால் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. 1932ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இத்தடுப்பூசி தயாராகிறது. கால்நடை பராமரிப்புத் துறையின் முகாம் ஊருக்கு வரும்போது, மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாமல் ஆடுகளைப் பட்டியில் நிறுத்தி வைக்க வேண்டும். எந்த ஆட்டுக்கு எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

2. சந்தையில் வாங்கிய ஆட்டையும், விற்பனையாகாமல் திரும்பி வந்த ஆட்டையும் 3 வாரம் தனியே கட்டி, தனித் தண்ணீர், தனித் தீவனம் கொடுத்துப் பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் புது ஆட்டோடுதான் பட்டிக்குள் வருகிறது.

3. காய்ச்சல், மூக்கொழுகல், மேயாமை ஆகிய மூன்றும் ஓர் ஆட்டில் சேர்ந்து கண்டால் அன்றே அதைப் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பணிவிடை செய்பவர் நல்ல ஆடுகளை முதலில் கவனித்துவிட்டு, நோயுற்ற ஆட்டிடம் கடைசியாகச் செல்ல வேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுதல் அவசியம்.

4. அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். எத்தனை ஆடுகளுக்கு நோய், எப்போது தொடங்கியது, ஊசி போட்டதா, புது ஆடு வந்ததா என்ற நான்கு விவரங்களையும் தயாராக வைத்திருந்தால் மருத்துவர் விரைந்து முடிவு செய்ய இயலும்.

5. சோதனைக்கு மாதிரி எடுக்க ஏற்றது காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாட்களான ஆடு. சாகும் நிலையிலுள்ள ஆட்டிலிருந்து எடுத்தால் கிருமி கிடைக்காமல் போகலாம். கண், மூக்கு ஆகியவற்றிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியையும் ரத்தத்தையும் மருத்துவர் பனிக்கட்டியில் வைத்து அனுப்புவார். மூடியுள்ள பிளாஸ்க்கில் பனிக்கட்டி கொண்டுவந்து கொடுத்து விவசாயி உதவலாம்.

6. இவ்வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. ஆனால் கூடவே வரும் நுரையீரல் அழற்சிக்கும் கழிச்சலுக்கும் மருத்துவம் செய்தால் பல ஆடுகள் பிழைக்கும். வாய்ப்புண் உள்ள ஆட்டுக்கு உப்புக் கலந்த கேழ்வரகுக் கஞ்சியும், மெல்ல எளிதான இளந்தழையும், வேண்டிய மட்டும் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

7. இறந்த ஆட்டை ஓடையிலோ காட்டிலோ எறியலாகாது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பட்டியைச் சுத்தம் செய்து பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து வெயில் படும்படி விட வேண்டும். உடலுக்கு வெளியே இக்கிருமி அதிக நாள் பிழைக்காது. வெயிலும் சூடும் அதற்குப் பகை.

8. நோய் கண்ட பட்டியிலிருந்து ஓர் ஆட்டைக் கூட விற்கக் கூடாது. 'இருப்பதையாவது காசாக்குவோம்' என்று விற்கும் ஆடு அடுத்த ஊரில் நோயை விதைக்கும். அங்கிருந்து அது சந்தை வழியாக நம் ஊருக்கே திரும்பவும் வரும்.

விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

இனி வரும் ஆண்டுகளில் 'ஆட்டு நோய் மீட்டர்' என்று விற்பனைக்குப் பொருள்கள் வரக்கூடும். வாங்குவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இது கிருமியைக் காட்டுகிறதா, எதிர்ப்பொருளைக் காட்டுகிறதா? ஊசி போட்ட ஆட்டில் என்ன காட்டும்? எந்த நோய்க்கு, எந்த மாதிரியில், எத்தனை ஆடுகளில் சோதித்துப் பார்த்தார்கள்? பட்டையைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா? காலாவதித் தேதி எது? பல்கலைக்கழகமோ அரசு ஆய்வு நிலையமோ சரிபார்த்திருக்கிறதா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். தனியாக வாங்குவதைவிட, பால் கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ மருத்துவரின் ஆலோசனையோடு பொதுவில் வாங்கி வைத்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

மின்வேதி உணரி வளர்ந்து வரும் நல்ல கருவி. அது பட்டிக்கு வரும் நாளில் மலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே உள்ள தூரம் வெகுவாகக் குறையும். ஆனால் ஆட்டைப் பிரித்துக் கட்டுவதும், தகவல் சொல்வதும், நோய்ப் பட்டியிலிருந்து விற்காமல் இருப்பதும் எந்த மீட்டரும் செய்து தர முடியாத காரியங்கள். அவை விவசாயியின் கையில் இன்றே இருக்கின்றன. தடுப்பூசி போடாத ஆடுகள் பட்டியில் இருந்தால், அடுத்த முகாம் எந்த நாள் என்பதை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே கேட்டறிந்து பயனடைய வேண்டும்.